சித்தப்பா கடனுக்கு அண்ணன் மகனுக்கு ஏன் போன்? வசூல் அழைப்புகள்: ஒரு விளக்கம்

கடன் வாங்கியவர் நீடாமங்கலத்தில் இருப்பார். போன் அடிப்பது திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் அண்ணன் மகனுக்கு. அல்லது சிங்கப்பூரில் இருக்கும் மச்சானுக்கு. டெல்டா மாவட்டங்களில் இது இப்போது சாதாரணமாகிவிட்டது. எடுத்தவருக்குத் தலைகால் புரிவதில்லை. இது நம் கடனா? பதில் சொல்லாவிட்டால் கேஸ் வருமா? ஊரில் இருக்கும் வயதானவருக்குப் பதிலாக நாமே பேசி முடித்துவிடலாமா? பாதியைக் கட்டினால் விட்டுவிடுவார்களா?

அந்தக் கடனில் நீங்கள் யார் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். எல்லாருக்கும் பொதுவாக ஒன்றைச் சொல்லலாம்: போனில் பேசிப் பேசி இந்த விவகாரம் தீராது. பேச்சை எவ்வளவு சீக்கிரம் எழுத்துக்கு மாற்றுகிறீர்களோ அவ்வளவு சீக்கிரம் அது கட்டுக்குள் வரும். ஏன் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

அழைப்பு எங்கிருந்து கிளம்புகிறது

தவணை தவறிய கடன்களை நிதி நிறுவனங்கள் 1 முதல் 30 நாள், 31 முதல் 60 நாள், 61 முதல் 90 நாள் என்று அடுக்காகப் பிரித்து வைத்திருக்கின்றன. வசூல் தொழிலில் இந்த அடுக்குக்குப் 'பக்கெட்' என்று பெயர். 90 நாளைத் தாண்டினால் ரிசர்வ் வங்கி விதிப்படி அது வாராக்கடன். அதற்காக நிறுவனம் தன் லாபத்திலிருந்து பணம் ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கும். அதனால்தான் இரண்டு மாதம் தாண்டிய கடன்மேல், குறிப்பாக மாதக் கடைசியில், நெருக்கடி திடீரென்று கூடுகிறது. கூப்பிடுகிறவருக்கும் அந்த மாத டார்கெட் இருக்கும்.

பயிர்க்கடனுக்குக் கணக்கு வேறு. நெல் போன்ற குறுகிய காலப் பயிருக்கு வாங்கிய கடன், இரண்டு பயிர்ப் பருவம் நிலுவையில் நின்றால்தான் வாராக்கடனாகும். டெல்டாவின் வருமானமே அப்படித்தான் வருகிறது. குறுவை அறுத்தால் செப்டம்பர், அக்டோபரில் கொஞ்சம். சம்பா, தாளடி அறுத்தால் பொங்கலையொட்டியும் அதற்குப் பிறகும் கொஞ்சம். ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பது தள்ளிப்போனால் இதுவும் தள்ளிப்போகும். ஆனால் டிராக்டர் கடனும், பைக் கடனும், குழு லோனும் மாதமோ வாரமோ தவறாமல் தவணை கேட்கின்றன. நெல் போட்ட பணம் கணக்கில் ஏறுவதற்குள் இரண்டு மூன்று தவணை தாண்டிவிடும். இங்கே தவணை தவறுகிற பலர் ஏமாற்றுக்காரர்கள் அல்லர்; வரவும் தவணையும் ஒத்துப்போகாதவர்கள்.

கூப்பிடுகிறவர் மூன்றில் ஒருவராக இருப்பார்: நிறுவனத்தின் சொந்த ஊழியர், நிறுவனம் அமர்த்திய வெளி ஏஜென்சியின் ஆள், அல்லது பழைய கடனை மொத்தமாக விலைக்கு வாங்கிய சொத்து மறுசீரமைப்பு நிறுவனம். யாராக இருந்தாலும் தான் யார் என்று சொல்ல வேண்டும். ஏஜென்சி ஆள் தவறு செய்தால் அதற்குக் கடன் கொடுத்த நிறுவனமே பொறுப்பு. "அது ஏஜென்சி சார், எங்களுக்குத் தெரியாது" என்று கிளை மேலாளர் கைகழுவ முடியாது.

உங்கள் நம்பர் போன வழியில் மர்மம் எதுவும் இல்லை. விண்ணப்பத்தில் 'ரெஃபரன்ஸ்' என்ற கட்டத்தில் சித்தப்பா எழுதிக் கொடுத்திருப்பார். அல்லது லோன் ஆப் ஒன்று அவர் போனில் இருந்த நம்பர்களை மொத்தமாக உருவியிருக்கும்.

முதல் வேலை: அந்தக் கடனில் நீங்கள் யார்?

இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது.

1. வெறும் ரெஃபரன்ஸ். உங்கள் பெயரும் நம்பரும் படிவத்தில் இருக்கிறது, கையெழுத்து இல்லை. உங்களுக்குக் கடன் பொறுப்பு கிடையாது. "ரெஃபரன்ஸ் குடுத்தா நீங்கதான் கட்டணும்" என்பது பொய். அவர் இருக்கும் இடத்தைச் சொல்லும் கடமைகூட இல்லை.

2. ஜாமீன்தாரர். கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 128-இன்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். "முதலில் அவரிடம் கேளுங்கள்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. சும்மா சாட்சிக் கையெழுத்து என்று சொல்லி வாங்கிய இடத்தில் ஜாமீன் என்று அச்சடித்திருப்பது உண்டு. ஒப்பந்தப் பிரதியை வாங்கிப் பார்த்தால்தான் தெரியும்.

3. கூட்டுக் கடன்தாரர். வீட்டுக் கடனிலும் டிராக்டர் கடனிலும் மகனையோ மனைவியையோ சேர்த்திருப்பார்கள். முழுப் பொறுப்பு உண்டு.

4. குழு உறுப்பினர். ஒருவருக்கொருவர் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்துத்தான் குழு லோன் வாங்குகிறார்கள். ஆனால் அந்தப் பொறுப்பு குழுவில் கையெழுத்திட்டவர்களோடு நிற்கிறது. உறுப்பினரின் மாமியாருக்கோ, வெளியூரில் இருக்கும் தம்பிக்கோ அது தொற்றாது.

5. வாரிசு. கடன் வாங்கியவர் இறந்துவிட்டால், அவர் விட்டுச்சென்ற சொத்து எவ்வளவு உங்கள் கைக்கு வந்ததோ அவ்வளவுக்குத்தான் பொறுப்பு. சொத்தே வரவில்லை என்றால் பொறுப்பும் இல்லை. அப்பன் கடனை மகன் தீர்ப்பது தர்மம் என்ற பழைய இந்துச் சட்டக் கோட்பாடு, 2005-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டத்துக்குப் பின் வாங்கிய கடன்களுக்குச் செல்லாது. ஊரில் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. கருமாதி முடிந்த வாரமே வசூல்காரர் வந்து உட்கார்ந்துவிடுகிறார். பல குழுக் கடன்களில், கொடுக்கும்போதே காப்பீட்டுப் பிரீமியம் பிடித்திருப்பார்கள். கடன் அட்டையையும் தவணைப் பாஸ்புக்கையும் எடுத்துப் பாருங்கள். பிடித்திருந்தால், இறப்புச் சான்றிதழைக் கொடுத்து அந்தக் கடனைக் காப்பீட்டில் கழிக்கச் சொல்வதுதான் முதல் வேலை. குடும்பத்தாரிடம் மிச்சத் தவணை கேட்க இடமே இல்லாமல் போகலாம்.

"போலீஸ் வரும்" என்ற வாக்கியம்

வசூல் போனில் அதிகம் வேலை செய்வது இந்த ஒரு வாக்கியம்தான். கடனைக் கட்ட முடியாமல் போவது குற்றம் அல்ல. அது சிவில் வழக்கு. நிறுவனம் நீதிமன்றத்துக்கோ நடுவர் மன்றத்துக்கோ போகலாம், தீர்ப்பு வாங்கலாம், ஜப்தி கேட்கலாம். அதற்கெல்லாம் நோட்டீஸ் வரும், தேதி வரும். போனில் 'வாரண்ட்' வராது. வாட்ஸ்அப்பில் முத்திரை போட்டு வருகிற 'கைது உத்தரவு' போலி. போலீஸ் என்றோ கோர்ட் ஊழியர் என்றோ பொய் சொல்லிக் கூப்பிடுவதே குற்றம்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. கடன் வாங்கும்போது கொடுத்த செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிவு 138-இன்கீழ் வழக்குப் போடலாம். அதில் 2 ஆண்டு வரை சிறைக்கு இடம் உண்டு. கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கக் கொடுத்த ஒப்புதல் திரும்பினாலும் இதேபோன்ற பிரிவு வேறொரு சட்டத்தில் இருக்கிறது. அதிலும் முதலில் எழுத்தில் நோட்டீஸ் வர வேண்டும், பணம் கட்ட 15 நாள் கொடுக்க வேண்டும். அந்த நோட்டீஸ் வந்தால் அலட்சியம் செய்யாமல் அன்றே வக்கீலைப் பாருங்கள். பதிவுத் தபாலை வாங்காமல் திருப்பி அனுப்புவது ஊரில் பலர் செய்கிற தவறு. அதனால் வழக்கு நிற்காது. உங்களுக்குத் தெரியாமலே நடக்கும்.

பயந்துபோய் இருக்கும் பெரியவர்களுக்குச் சொல்ல இன்னும் சில உண்டு. பணத் தீர்ப்பை நிறைவேற்றுவதற்காகப் பெண்களைக் கைது செய்ய உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 56 அனுமதிப்பதில்லை. பிரிவு 60-இன்படி, விவசாயியின் உழவுக் கருவிகளையும், மாடுகளையும், விதை நெல்லையும் பிழைப்புக்குத் தேவையான அளவுக்கு ஜப்தி செய்ய முடியாது. வங்கிகள் நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தைக் கைப்பற்ற உதவும் 2002-ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. இதற்கு, நிலம் என்றைக்கும் பத்திரம் என்று பொருள் இல்லை; அடமானம் வைத்திருந்தால் கோர்ட் வழியாக வரலாம். ஆனால் "அடுத்த வாரம் வயலில் போர்டு நட்டுவிடுவோம்" என்று போனில் சொல்வது நடக்காத காரியம்.

வண்டியைத் தூக்குவது தனிச் சங்கதி. கடன் ஒப்பந்தத்தில் அந்த உரிமையை எழுதி வாங்கியிருப்பார்கள். என்றாலும் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும், முறைப்படி எடுக்க வேண்டும். அடியாட்களை விட்டு வாகனத்தைப் பறிப்பதை உச்ச நீதிமன்றம் 2007-இலேயே கண்டித்திருக்கிறது. அதற்குப் பிறகும் 2016 மார்ச்சில் ஒரத்தநாடு அருகே டிராக்டர் கடன் நிலுவைக்காக ஒரு விவசாயியைப் போலீசார் அடித்து இழுத்துச் சென்ற காட்சி நாடு முழுக்கப் பரவியது. சட்டம் இருப்பதும் அது வயல் வரப்பு வரை வந்து சேர்வதும் வேறு வேறு. ஆதாரத்தைச் சேர்த்து வையுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

எப்போது கூப்பிடலாம், எப்படிப் பேசக் கூடாது

ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்ட் 12-இல் விட்ட சுற்றறிக்கை தெளிவானது. வங்கிகளும் வங்கி அல்லாத நிதி நிறுவனங்களும், அவர்களுடைய வசூல் முகவர்களும் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் நிலுவைக்காகக் கூப்பிடக் கூடாது. திட்டுவது, மிரட்டுவது, பொது இடத்தில் அவமானப்படுத்துவது, விடாமல் திரும்பத் திரும்பக் கூப்பிடுவது, பெயர் சொல்லாமல் கூப்பிடுவது, தவறான தகவல் சொல்வது எல்லாம் தடை. நமக்கு முக்கியமான வரி இன்னொன்று: கடன் வாங்கியவரின் குடும்பத்தார், ரெஃபரன்ஸ் கொடுத்தவர்கள், நண்பர்கள் ஆகியோரின் தனிமையில் தலையிடக் கூடாது என்று அதில் வெளிப்படையாகவே இருக்கிறது. அண்ணன் மகனுக்கு நாளுக்குப் பத்து அழைப்பு என்பது இந்த வரியை நேராக மீறுவது.

குழு லோனுக்கு நேரம் இன்னும் குறைவு. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் கொடுக்கும் கடனை நுண்கடன் என்கிறார்கள். 2022 மார்ச்சில் வந்த நுண்கடன் விதிகளின்படி காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் கூப்பிடக் கூடாது. உறவினரையும் உடன் வேலை செய்பவரையும் தொந்தரவு செய்வதும், பெயரை ஊரறிய வெளியிடுவதும் அதில் பெயர் சொல்லித் தடை செய்யப்பட்டுள்ளன. வசூல், இருதரப்பும் ஒப்புக்கொண்ட பொது இடத்தில் நடக்க வேண்டும். அந்த இடத்துக்கு அடுத்தடுத்து இரண்டு முறை வராவிட்டால்தான் ஊழியர் வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ போகலாம்.

நடைமுறையில் நடப்பது என்ன? குழுப் பெண்கள் கூடித் தவணை கட்டும் 'சென்டர்' கூட்டத்தில் ஒருவர் தவணை கொண்டுவரவில்லை என்றால், மற்ற பெண்கள் எல்லாரையும் எழுந்து போக விடாமல் உட்கார வைப்பார்கள். நடவு ஆள் காத்திருக்கும், பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளை வந்திருக்கும். கம்பெனி ஆள் வாயே திறக்க வேண்டாம், பக்கத்து வீட்டு அக்காவே வந்து, "உன்னால நாங்க ஏண்டி இங்க உக்காந்து கெடக்கணும்?" என்று கேட்டுவிடுவார். இந்த அழுத்தத்தை விதிப்புத்தகம் முழுதாகத் தடுக்காது. வெளியூரில் இருக்கும் உறவினர் இங்கே செய்யக்கூடிய உருப்படியான உதவி, குழுத் தலைவியிடம் நேராகப் பேசி, எந்தத் தேதிக்குள் எவ்வளவு வரும் என்று சொல்லி, அதே தகவலைக் கம்பெனிக்கும் எழுத்தில் அனுப்புவது. குழுவின் கோபத்துக்குப் பதில் தேதிதான், வாக்குவாதம் அல்ல.

அவர் சார்பாகப் பேசுவது எப்படி

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. வசூல் முகவர் உங்களிடம் சித்தப்பாவின் நிலுவைத் தொகையைப் பைசா சுத்தமாகச் சொல்வார். அதே நிறுவனத்தின் கிளைக்கு நீங்கள் போன் செய்து கணக்கு விவரம் கேட்டால், "கஸ்டமர் தகவலை மூணாவது ஆளுக்குச் சொல்ல மாட்டோம்" என்பார்கள். இரண்டாவது பதில்தான் சரியானது. சம்பந்தமில்லாத உங்களிடம் கடன் விவரத்தைச் சொன்ன முதல் ஆள்தான் தவறு செய்தவர். இதைப் புகாரிலேயே எழுதுங்கள்.

சார்பாகப் பேச வேண்டுமென்றால், கடன் வாங்கியவரிடம் ஓர் அனுமதிக் கடிதம் வாங்குங்கள். வெள்ளைத்தாள் போதும். இப்படி இருக்கலாம்:

"எனது கடன் கணக்கு எண் ........ தொடர்பாகக் கணக்கு விவரங்களைப் பெறவும், கடிதப் போக்குவரத்து நடத்தவும், புகார் அளிக்கவும் என் அண்ணன் மகன் ........ அவர்களுக்கு அனுமதி அளிக்கிறேன். அவர் இந்தக் கடனுக்குக் கடன்தாரரோ ஜாமீன்தாரரோ அல்லர்; பணம் செலுத்தும் பொறுப்பு எதையும் ஏற்கவில்லை. இனி இது தொடர்பான தகவல்களை எழுத்து வடிவில் மட்டும் கீழ்க்கண்ட முகவரிக்கும் மின்னஞ்சலுக்கும் அனுப்பவும்."

கீழே கையெழுத்து அல்லது கைரேகை, தேதி, இருவரின் அடையாள அட்டை நகல். 'பொறுப்பை ஏற்கவில்லை' என்ற வரியை விட்டுவிடாதீர்கள். உதவி செய்யப் போனவரைப் பொறுப்பாளியாக மாற்றப் பார்ப்பது வழக்கமான உத்தி. கடிதத்தை நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு அனுப்புங்கள். அவர் பெயரும் முகவரியும் நிறுவனத்தின் இணையதளத்திலும் கிளையிலும் இருக்க வேண்டும் என்பது விதி.

கூடவே நான்கு கேட்டு வாங்குங்கள்: கடன் ஒப்பந்தப் பிரதி, முழுக் கணக்கு விவரம், அபராதக் கட்டணத்தின் கணக்கு, வசூல் ஏஜென்சியின் பெயரும் நியமனக் கடிதமும். அபராதத்தைத் தனியாகக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. தாமதத்துக்கு அபராத வட்டி என்று கூட்டி, அதன்மேல் மறுபடி வட்டி போடும் பழக்கத்தை 2023 ஆகஸ்ட் சுற்றறிக்கை மூலம் ரிசர்வ் வங்கி நிறுத்தியது. அபராதத்தைக் கட்டணமாக மட்டுமே போடலாம், அசலில் சேர்க்கக் கூடாது. போனில் சொல்கிற தொகையும் எழுத்தில் வருகிற தொகையும் ஒன்றாக இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

அப்புறம் மறுபடி போன் வந்தால் நீட்டி முழக்கத் தேவையில்லை.

"தம்பி, ஒங்க சித்தப்பா போன எடுக்க மாட்டேங்கிறாரு. நீங்கதான ரெஃபரன்ஸ்? சாயங்காலத்துக்குள்ள பாதியாவது போட்டு விடுங்க."

"சார், ஒங்க பேரு, ஏஜென்சி பேரு சொல்லுங்க. எழுதிக்கிறேன்."

"அதெல்லாம் எதுக்குத் தம்பி? கட்டுவீங்களா, மாட்டீங்களா?"

"நான் கடன் வாங்கல, ஜாமீனும் போடல. சித்தப்பா குடுத்த லெட்டர ஒங்க கம்பெனிக்கு அனுப்பியாச்சு. எதுவா இருந்தாலும் எழுத்துல அனுப்புங்க. இந்த நம்பருக்கு இனிமே கூப்பிடாதீங்க. இந்தப் பேச்சு ரெக்கார்ட் ஆகுது."

இதற்குமேல் பேச ஒன்றும் இல்லை, வைத்துவிடலாம். கோபப்பட்டால் அவர்களுக்கு லாபம். நீங்கள் திட்டியது மட்டும் பதிவில் நிற்கும்.

ஒரு நோட்டில் தேதி, நேரம், நம்பர், பேசியவர் பெயர், சொன்ன வார்த்தை ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். அழைப்புப் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நீங்கள் பேசும் அழைப்பை நீங்களே பதிவு செய்யலாம்; பின்னால் ஆதாரமாகக் கொடுக்க வேண்டியிருந்தால் அசல் பதிவு இருக்கும் போன் கையில் இருப்பது நல்லது, விற்றுவிடாதீர்கள். ஊரில் இருக்கும் பெரியவரிடமும் ஒரு நோட்டைக் கொடுத்துவிடுங்கள். வீட்டுக்கு ஆள் வந்தால் அடையாள அட்டையும் நிறுவனம் கொடுத்த அனுமதிக் கடிதமும் காட்டச் சொல்லி, பெயரை எழுதச் சொல்லுங்கள். பெயர் எழுதுகிறார்கள் என்று தெரிந்தாலே பாதிப் பேர் குரலைத் தணித்துக்கொள்வார்கள்.

புகார்: எந்த வரிசையில்

1. முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். வங்கிகளுக்கு 2008 ஏப்ரலில் வந்த வழிகாட்டுதல் ஒன்று உண்டு: கடன்தாரர் கொடுத்த புகார் தீராமல் இருக்கும்போது, அது வெறும் தொந்தரவுப் புகார் என்று காட்ட ஆதாரம் இல்லாத வரை, அந்தக் கடனை வசூல் முகவரிடம் ஒப்படைக்கக் கூடாது. இந்த ஒரு காரணத்துக்காகவே புகாரைச் சீக்கிரம் கொடுப்பது நல்லது.

2. 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டால், ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர். ரிசர்வ் வங்கியின் புகார் இணையதளத்தில் பதியலாம். தபாலில் அனுப்பினால் சண்டிகரில் உள்ள மையத்துக்குப் போகும். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். கட்டணம் இல்லை. கடன் வாங்கியவரே போட வேண்டியதில்லை. அவர் எழுத்தில் அனுமதித்த பிரதிநிதி போடலாம். ஆனால் வக்கீல் பிரதிநிதியாக வர முடியாது. அதாவது உறவினருக்கென்றே திறந்து வைத்த வாசல் இது.

3. மிரட்டல், ஆபாசப் பேச்சு, வீட்டு வாசலில் ரகளை என்றால் 30 நாள் காத்திருக்கத் தேவையில்லை. அது காவல் நிலைய விவகாரம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் மிரட்டலுக்குப் பிரிவு 351, பெண்ணை இழிவாகப் பேசுவதற்குப் பிரிவு 79. புகாரைக் கொடுத்துவிட்டு, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வராதீர்கள். கடன் வசூலில் வலுக்கட்டாயத்தைத் தடுக்க 2025-இல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டமே கொண்டுவந்திருக்கிறது. கடன்தாரரையோ குடும்பத்தாரையோ மிரட்டுவதும், பின்தொடர்வதும், வீட்டில் வந்து உட்கார்ந்துகொள்வதும் அதில் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். புகாரில் இந்தச் சட்டத்தையும் குறிப்பிடுங்கள்.

4. கூட்டுறவு சொசைட்டிக் கடன் என்றால் வழி வேறு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் திட்டத்துக்குள் வராது. மாவட்டத்தின் கூட்டுறவு இணைப்பதிவாளருக்கு எழுத வேண்டும். திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும், மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம், முதல்வரின் உதவி மைய எண் 1100-க்கும் பேசலாம்.

இலவச சட்ட உதவியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும், தாலுகா அளவில் குழுக்கள் உண்டு, எண் 15100. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் வக்கீல் தருவார்கள். சமரசம் பேசுவதற்கு லோக் அதாலத் என்னும் மக்கள் நீதிமன்றம் நல்ல இடம். ஆனால் அங்கே கையெழுத்துப் போட்ட தீர்வை எதிர்த்து அப்பீல் கிடையாது. கட்ட முடிகிற தொகைக்கு மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.

லோன் ஆப்பும் மீட்டர் வட்டியும்

மேலே சொன்னதெல்லாம் ரிசர்வ் வங்கியின் கண்ணுக்குள் இருக்கும் நிறுவனங்களுக்கு. வெளியே இருப்பவர்களிடம் அந்த விதிகளைக் காட்டிப் பயனில்லை.

போனில் இறக்கும் லோன் ஆப் எதுவும் உங்கள் தொடர்பு எண்களையோ படங்களையோ எடுக்கக் கூடாது என்பது டிஜிட்டல் கடன் விதி. நெறிமுறைக்குட்பட்ட நிறுவனங்களின் ஆப்களைப் பட்டியலாகவே ரிசர்வ் வங்கி இணையதளத்தில் வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் இல்லாத ஆப், சித்தப்பாவின் படத்தை வெட்டி ஒட்டி உறவினர்களுக்கெல்லாம் அனுப்பினால், அது வசூல் அல்ல, பணம் பறிப்பு. சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே புகார் செய்யுங்கள். ஆப்பை அழிப்பதற்கு முன் ஸ்கிரீன்ஷாட்டும் பணம் வந்த கணக்கின் விவரமும் எடுத்து வையுங்கள். இவர்களுக்குக் கட்டினால் நிற்பதில்லை. கட்டுகிற ஆள் என்று தெரிந்தால் தொகையைக் கூட்டுவார்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீங்களே முந்திக்கொண்டு "இப்படி ஒரு படம் வரும், போலி" என்று சொல்லிவிட்டால் அவர்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் மழுங்கிவிடும்.

தண்டல், மீட்டர் வட்டி, கந்துவட்டிக்கு 2003-ஆம் ஆண்டு தமிழ்நாடு சட்டம் இருக்கிறது. 3 ஆண்டு வரை சிறை. ஊர்க்காரராகவும் தெரிந்தவராகவும் இருப்பதால் புகார் கொடுக்கத் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தை வெளியிலிருந்து குறை சொல்வது சுலபம். அதே தெருவில் குடியிருக்க வேண்டியவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். ஆனாலும் வெற்றுப் புரோநோட்டிலோ வெற்றுச் செக்கிலோ கையெழுத்து போயிருந்தால், தாமதிக்காமல் அதைத் திருப்பிக் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பி வைக்க வேண்டும்.

இந்த அழைப்புகளால் ஒருவர் சாப்பாடு இறங்காமல், தூக்கமில்லாமல், "நான் இல்லாம போயிட்டா சரியாயிரும்" என்கிற மாதிரி பேச ஆரம்பித்தால், கடன் பேச்சைத் தள்ளி வைத்துவிட்டு யாராவது அவருடன் இருங்கள். அவர் போனை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மனநல உதவிக்கு டெலி மானஸ் எண் 14416, இரவும் பகலும் தமிழில் பேசலாம்.

கட்டுவது என்று முடிவெடுத்தால்

சட்டப்படி பொறுப்பு இல்லாவிட்டாலும், குடும்ப மரியாதைக்காகக் கட்டிவிடலாம் என்று பலர் நினைப்பார்கள். அது அவரவர் விருப்பம். ஆனால் போன் நிற்க வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவது மோசமான வழி. அந்தப் பணம் அபராதத்துக்கும் வட்டிக்கும் போய்விடும், அசல் அப்படியே நிற்கும், போனும் நிற்காது.

பழைய கடன் என்றால் காலக்கெடுவைப் பாருங்கள். அடமானம் இல்லாத பணக் கடனுக்கு வழக்குப் போட 3 ஆண்டு. அதற்குள் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தாலோ, முறையாகப் பதிவாகும்படி ஒரு பகுதி கட்டினாலோ 3 ஆண்டு புதிதாகத் தொடங்கும். அவர் அனுமதித்த பிரதிநிதியாக நீங்கள் செய்தாலும் இதே கதிதான். எனவே "டோக்கனா ஆயிரம் ரூபா போடுங்க" என்று கேட்கும்போது, அது ஆயிரம் ரூபாய் விவகாரம் மட்டும் இல்லை.

மொத்தமாகக் குறைத்துப் பேசி முடிக்கும் செட்டில்மென்ட் என்றால், தொகை, கடைசித் தேதி, இதற்குமேல் பாக்கி இல்லை என்ற உறுதி மூன்றும் நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் வந்த பிறகே பணம். முகவரின் சொந்த ஜிபே நம்பருக்கு ஒருபோதும் அனுப்பாதீர்கள். கடன் கணக்கிலேயே வரவு வைக்கச் சொல்லுங்கள். கடன் வரலாற்றைக் காட்டும் கிரெடிட் ரிப்போர்ட்டில் 'செட்டில்டு' என்று ஏறும், அது முழுதாகக் கட்டி முடித்ததற்குச் சமம் அல்ல. அடுத்த பயிர்க்கடன் கேட்கப் போகும்போது கேள்வி வரும். முழுத் தொகையையும் தவணையாகப் பிரித்துக் கட்ட முடிந்தால் அதையே கேட்டுப் பாருங்கள். அறுவடை மாதத்தில் பெரிய தவணை, மற்ற மாதங்களில் சிறியது என்று எழுதிக் கேட்டால், எல்லாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்றாலும், மேலாளர் முடிவெடுக்கக்கூடிய விஷயம்தான் அது.

பணம் முடிந்ததும் நிலுவையில்லாச் சான்று வாங்குங்கள். சொத்துப் பத்திரம் அடமானம் இருந்தால், முழுக் கடனும் தீர்ந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். நிறுவனத்தின் தவறால் தாமதமானால் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்று 2023 செப்டம்பரில் உத்தரவு வந்திருக்கிறது. கிரெடிட் ரிப்போர்ட் தயாரிக்கும் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தருகின்றன. இரண்டு மாதம் கழித்து எடுத்துப் பார்த்து, கணக்கு மூடியதாகப் பதிவாகியிருக்கிறதா என்று சரிபாருங்கள். சான்றின் நகல் ஒன்று சித்தப்பா வீட்டுப் பெட்டியில் இருக்கட்டும், இன்னொன்று உங்கள் போனில் இருக்கட்டும். வேறு ஏஜென்சியிடமிருந்து இதே கடனுக்கு மறுபடி அழைப்பு வருவது உண்டு; அப்போது அந்த நகலை நிறுவனத்துக்கும் ஏஜென்சிக்கும் சேர்த்து மின்னஞ்சலில் அனுப்பினால் போதும்.